சலோன் சுவரில் ஒரு மாடலின் பெயர்

1876ஆம் ஆண்டின் பாரிஸ் சலோன் கண்காட்சிக்கு எதுவார் மானே இரண்டு ஓவியங்களை அனுப்பினார். தேர்வுக்குழு இரண்டையும் நிராகரித்தது. அதே ஆண்டு, அதே தேர்வுக்குழு, முப்பத்திரண்டு வயதான ஒரு பெண்ணின் தன்னுருவ ஓவியத்தை ஏற்றுக்கொண்டது. அந்தப் பெண்ணின் முகத்தை பாரிஸ் நகரம் அதற்கு முன்பே நன்கு அறிந்திருந்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் 'புல்வெளியில் மதிய உணவு' என்ற ஓவியத்தில் ஆடையின்றி அமர்ந்து பார்வையாளர்களை நேராகப் பார்த்தவர் அவர். பதினோரு ஆண்டுகளுக்கு முன் 'ஒலிம்பியா'வாகப் படுத்திருந்தவரும் அவரே. இரண்டும் மானே வரைந்தவை. முகம் தெரிந்த அளவுக்குப் பெயர் தெரிந்திருக்கவில்லை. விக்தோரின் லூயிஸ் மெரான் என்பது அவருடைய முழுப்பெயர்.

கலை வரலாற்று நூல்களில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. ஓவியர்களைக் குடும்பப் பெயரால் அழைப்பார்கள். மாடல்களை முதற்பெயரால் அழைப்பார்கள். மானே, தெகா, ரெனுவார் என்பவர்களுக்கிடையே 'விக்தோரின்' என்று மட்டும் ஒருத்தி வந்துபோவாள், வீட்டு வேலைக்கு வருபவரைச் சொல்வதுபோல. இக்கட்டுரையில் அவரை மெரான் என்றே குறிப்பிடுகிறேன். (மானேயையும் மோனேயையும் குழப்பிக்கொள்வது நம் வாசகர்களுக்கு மட்டும் உரிய இடர்ப்பாடன்று, அக்காலத்துப் பாரிஸிலேயே அந்தக் குழப்பம் இருந்தது. மோனே இக்கட்டுரையின் பிற்பகுதியில் ஒருமுறை வருவார்.)

மெரான் 1844 பிப்ரவரி 18 அன்று பாரிஸில் பிறந்தார். கைவினைஞர் குடும்பம். தந்தை வெண்கலப் பொருள்களுக்கு நிறமேற்றி மெருகூட்டுபவர். தாய் பெண்களுக்கான தொப்பிகள் செய்பவர். வறுமையின் அடித்தட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு மாத வேலை நின்றால் நிலைகுலைந்துவிடும் வர்க்கம். பதினாறு, பதினேழு வயதில் தோமா குத்தூர் என்ற புகழ்பெற்ற ஆசிரியரின் ஓவியக்கூடத்தில் மாடலாக வேலைக்குச் சேர்ந்தார். ஆறு ஆண்டுகள் மானே மாணவராக இருந்த கூடம் அது. மெரான் அங்கு வந்தபோது மானே வெளியேறிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

மாடல் என்ற தொழிலைப் பற்றி இங்கே சிறிது சொல்ல வேண்டும். நம் சிற்ப மரபில் உருவம் தாள அளவுகளிலிருந்து பிறக்கிறது. சிற்பியின் முன் ஒருவர் மணிக்கணக்கில் அமர்ந்திருக்க வேண்டியதில்லை. ஐரோப்பியக் கல்விக்கூட மரபோ உயிருள்ள உடலைப் பார்த்து வரைவதையே பயிற்சியின் முதுகெலும்பாகக் கொண்டது. ஆனால் அந்த உடல் எப்படி இருக்க வேண்டும் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. கிரேக்கச் சிலைகளின் அளவுகள், இத்தாலிய ஓவியங்களின் வளைவுகள், சுருக்கமற்ற வெண்பளிங்குத் தோல். அந்த இலட்சியத்துக்குப் பொருந்தாத இடங்களை ஓவியரே திருத்திக்கொள்வார். வீனஸாகவோ தேவதையாகவோ மாறி முடிந்தபின் அந்தப் பெண்ணின் சாயல் கித்தானில் மிஞ்சியிருக்காது.

மெரான் இந்த இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. குட்டையான உருவம், அதனால் 'இறால்' என்று பட்டப்பெயர். செம்பட்டைத் தலைமுடி. அகன்ற சதுர முகம், வெளிறிய தோல், கூர்மையான கண்கள். அன்றைய அளவுகோலின்படி அவரை அழகி என்று எவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று நடப்பு அழகுக்கு வெளியே நிற்கும் உருவங்களைத் தேடிப் பிடித்துப் படம் எடுக்கிறார்கள். அதற்கென்று 'மாற்று மாடல்' என்ற பெயரும் இருக்கிறது. 1862இல் அப்படி ஒரு சொல் கிடையாது. 'விசித்திரமான தோற்றம்' என்றுதான் சொன்னார்கள். மானேயை ஈர்த்தது அந்த விசித்திரம்.

இருவரும் எப்படிச் சந்தித்தார்கள் என்பதற்கு ஒன்றோடொன்று பொருந்தாத கதைகள் உண்டு. நீதிமன்ற வளாகத்தின் கூட்டத்தில் மானே தற்செயலாக அவரைப் பார்த்தார் என்பது ஒன்று. மானேயின் நண்பர் அந்தோனன் புரூஸ்த் சொல்வது வேறு. மதுக்கடை ஒன்றிலிருந்து கிதாருடன் வெளியே வந்த ஒரு பெண்ணை மானே மாடலாக இருக்கும்படி கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவள் வராவிட்டால் என்ன, என்னிடம் விக்தோரின் இருக்கிறாள் என்றாராம் மானே. இரண்டாவது கதையின்படி அவர்களுக்கு முன்பே பழக்கம் இருந்திருக்கிறது. தெருவில் கண்டெடுத்த பெண் என்ற பிம்பத்தைவிட ஓவியக்கூடங்களுக்கிடையே இயங்கிய ஒரு தொழிலாளி என்ற சித்திரமே எனக்கு நம்பத்தகுந்ததாகத் தோன்றுகிறது. மானேயின் குறிப்பேட்டில் முகவரியோடு அவர் பெயர் பதிவாகியிருக்கிறது: லூயிஸ் மெரான், மேத்ர் ஆல்பெர் தெரு, எண் 17.

அந்த மறுத்துப்போன பெண்ணுக்குப் பதிலாக மெரான் நின்ற ஓவியம்தான் 'தெருப்பாடகி'. சாம்பல் நிற நீள உடை, இடுக்கிய கிதார், வாயருகே செர்ரிப் பழங்கள், கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் கணம். இந்த வேடத்தில் பொய் குறைவு. மெரான் உண்மையிலேயே கிதாரும் வயலினும் வாசித்தார், பாடினார், பிற்காலத்தில் பாடம் சொல்லிக்கொடுத்தும் சம்பாதித்தார். அதே 1862இல் காளைச்சண்டை வீரனின் உடையில், கையில் வாளோடு அவரை நிறுத்தி மற்றொரு பெரிய ஓவியம் வரைந்தார் மானே. அதன் தலைப்பு 'எஸ்பாதா உடையில் செல்வி வி'. பெயரில் ஓர் எழுத்து மட்டும் வெளியே வந்திருக்கிறது.

1863இல் சலோன் தேர்வுக்குழு ஆயிரக்கணக்கான படைப்புகளைத் தள்ளியபோது எழுந்த கூச்சலில், நிராகரிக்கப்பட்டவற்றுக்கென்று தனிக் கண்காட்சி நடத்த மூன்றாம் நெப்போலியன் உத்தரவிட்டார். அதில் மானேயின் மூன்று ஓவியங்கள் இடம்பெற்றன. இரண்டில் மெரான் இருந்தார். ஒன்று காளைச்சண்டை வீரர். மற்றொன்று 'புல்வெளியில் மதிய உணவு'. நவீன உடையணிந்த இரண்டு ஆடவர்கள் பேசிக்கொண்டிருக்க, அவர்களருகே ஆடையின்றி அமர்ந்து, கன்னத்தில் கைவைத்து, நம்மைப் பார்க்கும் பெண். புராணத்திலிருந்து வந்தவளாக இருந்தால் பாரிஸ் ரசித்திருக்கும். கழற்றிப்போட்ட நீல உடையும் தொப்பியும் பக்கத்திலேயே கிடந்ததுதான் சிக்கல்.

ஒலிம்பியாவை மானே வரைந்ததும் 1863இல்தான். காட்சிக்கு வந்தது 1865 சலோனில். அப்போது நிகழ்ந்தவை பலமுறை எழுதப்பட்டுவிட்டன என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன். கூட்டம் முண்டியடித்தது, காவலர்களை நிறுத்த வேண்டியிருந்தது, பின்னர் கை எட்டாத உயரத்துக்கு ஓவியத்தை மாற்றினார்கள். விமர்சகர்கள் பிணவறையை உவமை சொன்னார்கள். ஒருவர் பெண் கொரில்லா என்று எழுதினார். இவற்றை வாசிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. ஓவியத்தின் நிறத்தையும் நிழலையும் குறை சொல்வதாகப் பாவனை செய்யும் அந்த வாக்கியங்கள் உண்மையில் ஒரு குறிப்பிட்ட பெண்ணின் உடலைப் பற்றியவை. அவருக்கு அப்போது இருபத்தொரு வயது. கண்காட்சிக் கூடத்துக்கு அவர் போனாரா, அந்த நாளிதழ்களை வாசித்தாரா என்று எவரும் விசாரித்து எழுதி வைக்கவில்லை.

அந்தக் கித்தானில் இரண்டாவது பெண் ஒருவர் இருக்கிறார், மலர்க்கொத்தோடு நிற்கும் கறுப்பினப் பணிப்பெண். லோர் என்ற அவருடைய பெயரும் வான்திமில் தெரு முகவரியும் மானேயின் குறிப்பேட்டில் இருந்தன. ஆயினும் டெனிஸ் முர்ரெலின் ஆய்வையொட்டி 2018இல் நியூயார்க்கிலும் 2019இல் பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்திலும் கண்காட்சிகள் நடக்கும்வரை அவரைப் பற்றிப் பேசியவர்கள் சிலரே. மெரானுக்கு ஓர் எழுத்தாவது கிடைத்தது.

அந்தப் பார்வையைப் பற்றிச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. நவீன ஓவியம் தொடங்கும் இடம் என்று ஒலிம்பியாவின் பார்வையைச் சுட்டுவது கல்விப்புலத்தின் வழக்கம். அதை முழுக்க மானேயின் கண்டுபிடிப்பாகவே கணக்கு வைத்திருக்கிறார்கள். மெரான் இடம்பெறும் ஓவியங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கு வேறுவிதமாகத் தோன்றுகிறது. தெருப்பாடகியாக, காளைச்சண்டை வீரராக, புல்வெளியில், கட்டிலில், 1866இல் இளஞ்சிவப்பு அங்கியணிந்து கிளிக்கருகே நிற்பவராக, 1873இல் செயின்ட் லசார் ரயில் நிலையத்தின் இரும்புக் கிராதி முன் நாய்க்குட்டியை மடியில் கிடத்திப் புத்தகத்திலிருந்து தலை நிமிர்பவராக, உடைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பார்வை மட்டும் மாறவில்லை. வெட்கமும் இல்லை, அழைப்பும் இல்லை, கோபமும் இல்லை. வேலை நேரத்தில் யாரோ கதவைத் திறந்ததால் நிமிர்ந்து பார்ப்பவரின் முகம் அது. மானே வேறு பல பெண்களையும் வரைந்திருக்கிறார். அவர்களுடைய முகங்களில் வேறு மனநிலைகள் உண்டு. இந்தக் குறிப்பிட்ட நிதானம் மெரானிடம் இருந்தது. அதைத் திருத்தாமல் விட்டது மானேயின் மேதைமை என்று பங்கு பிரித்துக்கொள்வதே நியாயம்.

ரயில் நிலைய ஓவியம்தான் மானேயிடம் அவர் மாடலாக அமர்ந்த கடைசிப் பெரிய படம். அதன்பின் மெரான் ஓவியம் கற்கத் தொடங்கினார்.

எங்கே கற்பது? அரசின் நுண்கலைக் கல்லூரி 1897 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. தனியார் கூடங்களே வழி. அவற்றுள் முக்கியமானது ரொதோல்ஃப் ஜூலியான் நடத்திய கலைக்கூடம். அங்கு பெண்களுக்குத் தனி வகுப்பு இருந்தது, கட்டணமும் ஆண்களைவிடக் கூடுதல். மெரான் 1875 வாக்கில் அங்கு மாலை வகுப்புகளுக்குச் சென்றார். எத்தியென் லெருவா என்ற உருவப்பட ஓவியரிடமும் பயின்றார். மாலை வகுப்பு என்ற விவரத்தில் அவருடைய வாழ்நிலை அடங்கியிருக்கிறது. பகலில் பிழைப்பு இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1877இல், அதே ஜூலியானிடம் மாணவியாகச் சேர்ந்தார் உக்ரைனில் பிறந்த செல்வச் சீமாட்டி மரி பஷ்கிர்ட்செஃப். தன் ஒவ்வொரு நாளின் இலட்சியத்தையும் பொறாமையையும் தோல்வியையும் நாட்குறிப்பில் கொட்டிவைத்து, இருபத்தைந்து வயதில் காசநோயில் மறைந்தவர். நூலாக வந்த அந்த நாட்குறிப்பு ஐரோப்பா முழுவதும் வாசிக்கப்பட்டது. மெரானிடமிருந்து அப்படி எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. நாட்குறிப்பு எழுத ஓய்வும் தனியறையும், தன் நாள் பதிவுக்குரியது என்ற நம்பிக்கையும் வேண்டும்.

1876 சலோனில் தன்னுருவ ஓவியம். மறுபக்கம், நிராகரிக்கப்பட்ட இரு ஓவியங்களையும் தம் கூடத்திலேயே பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார் மானே. மீண்டும் 1879இல் 'பதினாறாம் நூற்றாண்டு நியூரெம்பர்க் நகரத்துப் பெண்' என்ற மெரானின் ஓவியம் ஏற்கப்பட்டது. அகர வரிசைப்படி ஓவியங்களை மாட்டும் வழக்கத்தால், 'எம்' எழுத்துக்குரிய கூடத்தில் மானேயின் ஓவியமும் அவருடைய பழைய மாடலின் ஓவியமும் ஒன்றாகத் தொங்கின. 1885இல் 'குருத்தோலை ஞாயிறு'. மொத்தம் ஆறு முறை சலோனில் இடம்பெற்றார். கடைசி முறை 1904இல், அறுபது வயதில்.

இத்தலைப்புகளைக் கவனித்தால் மானேயின் பள்ளியிலிருந்து வந்தவர் என்று எவரும் நினைக்க மாட்டார்கள். வரலாற்று உடைகள், பக்தி சார்ந்த தருணங்கள், உருவப்படங்கள். தேர்வுக்குழுவுக்குப் பிடித்தமான பொருள்கள், கல்விக்கூட நடை. மெரானைப் பற்றி எழுதிய பலரும் தடுமாறிய இடம் இது. நவீன ஓவியத்தின் முகமாக இருந்தவர் எப்படிப் பழமையின் பக்கம் போனார்? மானேயைப் பத்தாண்டுகள் அருகிலிருந்து பார்த்தும் ஒன்றும் புரியவில்லையா? இதில் ஏமாற்றமும் லேசான ஏளனமும் கலந்திருக்கின்றன.

என் வாசிப்பு வேறு. மானேயின் தந்தை நீதித்துறை உயர் அதிகாரி. 1862இல் அவர் இறந்தபோது மகனுக்குக் கணிசமான சொத்து வந்தது. ஓவியங்கள் ஆண்டுக்கணக்கில் விற்காதபோதும் மானேயின் வீட்டில் அடுப்பு எரிந்தது. 1874இல் சலோனுக்கு வெளியே தனிக் கண்காட்சி நடத்திய இம்ப்ரெஷனிஸ்டுகளிடையே இருந்த பெர்த் மொரிஸோ உயர் அரசு அதிகாரியின் மகள்; சில ஆண்டுகள் கழித்து அக்குழுவில் இணைந்த மேரி கசாட் பென்சில்வேனியாவின் வசதியான குடும்பத்தைச் சேர்ந்தவர். இவர்களுடைய துணிச்சலைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் நிராகரிப்பைத் தாங்குவதற்கும் ஒரு முதலீடு தேவைப்படுகிறது. வெண்கலத்துக்கு மெருகேற்றுபவரின் மகளிடம் அந்த முதலீடு இல்லை. சலோனில் தொங்கிய ஓவியம் என்பது அவருக்குச் சான்றிதழ். அதைக் காட்டி உருவப்பட வேலை கேட்கலாம், மாணவிகளைச் சேர்க்கலாம். மேலும், அவர் பத்தாண்டுகளுக்கு மேல் மாற்று அழகின் சின்னமாக நின்றிருக்கிறார். அந்த வேலையின் கூலி என்ன, அவமானம் எவ்வளவு, புகழ் யாருக்குப் போகும் என்பதெல்லாம் விமர்சகர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். அவர் விரும்பியது மையநீரோட்டத்தில் ஓர் இடம்.

மானேயும் அதையேதான் விரும்பினார் என்பதை மறந்துவிடுகிறோம். இம்ப்ரெஷனிஸ்டுகளின் கண்காட்சிகளில் ஒருமுறைகூட அவர் கலந்துகொள்ளவில்லை. சலோனில்தான் வெல்ல வேண்டும் என்று இறுதிவரை முயன்றார். 1881இல் இரண்டாம் நிலைப் பதக்கம் கிடைத்தபோது மகிழ்ந்தார். அவர் விரும்பினால் அது போராட்டம், மெரான் விரும்பினால் அது பிற்போக்கு என்று சொல்வது பொருத்தமாக இல்லை.

1883 ஏப்ரல் 30 அன்று மானே காலமானார். மூன்று மாதங்கள் கழித்து, ஜூலை 31 அன்று, அவருடைய மனைவி சுசானுக்கு மெரான் ஒரு கடிதம் எழுதினார். மெரானின் சொந்தக் குரல் நமக்குக் கேட்கும் அரிய ஆவணம் அது. பல ஓவியங்களுக்கு, குறிப்பாக ஒலிம்பியாவுக்கு, தாம் மாடலாக இருந்ததை நினைவூட்டுகிறார். படங்கள் விற்றால் தமக்கு ஒரு பங்கு தருவதாக மானே அடிக்கடி சொல்லிவந்தார் என்கிறார். அப்போது இளமை, கவலையற்றிருந்தேன், மறுத்துவிட்டேன். இனி மாடலாக அமர முடியாத நாள் வரும்போது நினைவூட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அந்த நாள் எதிர்பார்த்ததைவிட விரைவாக வந்துவிட்டது என்று எழுதுகிறார். கெஞ்சல் குறைவாகவும் கணக்கு தெளிவாகவும் உள்ள கடிதம். அவருக்கு முப்பத்தொன்பது வயது. பணம் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை.

சுசான் மானேயைக் கல்நெஞ்சக்காரராகக் காட்டுவது எளிது. மறு ஆண்டு நடந்த ஏலத்தில் ஒலிம்பியாவுக்கு உரிய விலை கிடைக்காமல் அவரே திரும்ப எடுத்துக்கொள்ள நேர்ந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1889இல் அமெரிக்கர் ஒருவர் அதை வாங்கக்கூடும் என்ற பேச்சு எழுந்தபோது, முன்பே சொன்ன மோனே முன்வந்து பொதுமக்களிடம் நிதி திரட்டினார். ஏறத்தாழ 20,000 பிராங்க் சேர்ந்தது. 1890இல் ஓவியம் பிரெஞ்சு அரசின் சொத்தாயிற்று. 1907இல் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தது. இன்று ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த நிதி திரட்டப்பட்ட மாதங்களில், ஓவியத்தில் இருப்பவர் அதே நகரத்தில் நாற்பத்தைந்து வயதுப் பெண்ணாகப் பிழைப்புக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்.

இதன்பிறகு வரலாறு கதையாகிவிடுகிறது. குடியில் மூழ்கினாள், கிதாரோடு மதுக்கடை மதுக்கடையாக அலைந்தாள், தன் கோட்டோவியங்களை இரவு நேரக் குடிகாரர்களிடம் விற்றாள் என்று மானேயின் வாழ்க்கையை எழுதிய அதோல்ஃப் தபரான் போன்றோர் பதிவு செய்தார்கள். துலூஸ் லொத்ரெக் தம் நண்பர்களை ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிகளில் ஏற்றி, உள்ளே இருந்த மூதாட்டியைக் காட்டி இவர்தாம் ஒலிம்பியா என்று அறிமுகம் செய்வாராம். இளமையிலேயே இறந்துவிட்டாள் என்று எழுதியவர்களும் உண்டு. இவற்றில் எவ்வளவு உண்மை என்று பிரித்தெடுப்பது கடினம். வறுமை இருந்தது, அது கடிதத்திலேயே தெரிகிறது. ஆனால் இந்தக் கதைகளை எழுதியவர்களில் ஒருவருக்கும் அவர் சலோனில் ஆறு முறை இடம்பெற்றது முக்கியமாகப் படவில்லை. சலோன் பட்டியல்கள் அச்சிட்டு வெளியானவை. யார் வேண்டுமானாலும் புரட்டியிருக்கலாம்.

அவர்கள் புரட்டாததற்குக் காரணம் சோம்பல் மட்டும் அன்று என்று நினைக்கிறேன். ஒலிம்பியா ஒரு விலைமகளின் படம் என்று முடிவாகிவிட்டது. எனவே அதற்கு மாடலாக இருந்தவரின் வாழ்க்கையும் விலைமகளின் கதைபோல முடிய வேண்டியிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு நாவல்கள் அந்த முடிவைத் தயாராக வைத்திருந்தன: சற்று மினுமினுப்பு, பிறகு நோய், குடி, சாக்கடை. இங்கிலாந்தில் எலிசபெத் சிடால் என்ற மாடலுக்கும் இதுபோலவே நேர்ந்தது. அவரும் செம்பட்டை முடிக்காரர், தொப்பிக் கடை ஊழியர். மில்லேயின் 'ஒஃபீலியா'வாகத் தொட்டி நீரில் கிடந்தவர். தாமும் வரைந்தார்; ரஸ்கின் அவருடைய படங்களை வாங்கினார். ஆயினும் நீண்ட காலம் அவரைப் பற்றிய பேச்செல்லாம் அவருடைய மரணத்தையும், ரொசெட்டி அவர் கல்லறையைத் தோண்டிக் கவிதைப் பிரதியை எடுத்ததையும் சுற்றியே நடந்தது. விதிவிலக்கு சுசான் வலாதோன். சலவைத் தொழிலாளியின் மகள், ரெனுவாரின் மாடல், பின்பு தம் காலத்திலேயே ஏற்கப்பட்ட ஓவியர். வலாதோனுக்கு அபாரமான கோட்டுத்திறன் இருந்தது. தெகா அதைக் கண்டு, படங்களை வாங்கி, பிறரிடம் எடுத்துச் சொல்லவும் செய்தார். மெரானுக்கு ஒரு தெகா வாய்க்கவில்லை.

1992இல் அமெரிக்கக் கலை வரலாற்றாளர் யூனிஸ் லிப்டன் 'ஒலிம்பியா என்ற புனைபெயர்' எனப் பொருள்படும் ஒரு நூலை வெளியிட்டார். மெரானைத் தேடி பாரிஸின் ஆவணக் காப்பகங்களில் அலைந்ததையும் தம் சொந்த வாழ்க்கையையும் பின்னிச் சொல்லும் நூல். அதன் பாதி சுயசரிதை என்று குறைபட்டுக்கொண்டவர்கள் உண்டு; குறை நியாயமானதுதான். ஆனால் தேடலுக்குப் பலன் இருந்தது. சலோனை நடத்திய பிரெஞ்சுக் கலைஞர்கள் சங்கத்தில் 1903இல் மெரான் உறுப்பினராகச் சேர்க்கப்பட்டிருந்தார். அவருக்காகப் பரிந்துரைத்தவர்கள் இருவர். ஒருவர் வேட்டைநாய்களை வரைவதில் பெயர்பெற்ற சார்ல் எர்மான் லெயோன். மற்றவர் தோனி ரொபேர் ஃப்லெரி, ஜூலியானின் கூடத்தில் பஷ்கிர்ட்செஃபின் ஆசிரியராக இருந்தவர். சாக்கடையில் செத்துப்போனதாகச் சொல்லப்பட்டவர் ஐம்பத்தொன்பதாம் வயதில் தொழில்முறை ஓவியர்களின் சங்கத்துக்குள் நுழைந்திருக்கிறார்.

1906இல் மெரான் பாரிஸை விட்டு நகரின் வடமேற்கே உள்ள கொலோம்ப் என்ற புறநகருக்குக் குடிபெயர்ந்தார். மரி துஃபூர் என்ற பெண்ணோடு அங்கே ஒரே வீட்டில் வாழ்ந்தார். இருவருக்கும் என்ன உறவு என்று ஊகிப்பதில் இன்றைய ஆய்வாளர்களுக்கு ஆர்வம் அதிகம். இருபது ஆண்டுகளுக்கு மேல் சேர்ந்து வாழ்ந்தார்கள் என்பதே ஆவணம் சொல்லும் செய்தி. மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்தவர்களிடம் தம் தொழில் 'கலைஞர்' என்று சொன்னார். எண்பது வயதிலும் அதையே சொன்னார். 1927 மார்ச் 17 அன்று எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார். ஒலிம்பியா அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே லூவ்ருக்குப் போய்விட்டிருந்தது. துஃபூர் 1930இல் இறந்தார். வீட்டுச் சாமான்களில் எஞ்சியவற்றை முற்றத்தில் குவித்து எரித்தார்கள் என்றும், அவற்றில் ஒரு வயலினும் அதன் பெட்டியும் இருந்தன என்றும் அண்டை வீட்டார் பல பத்தாண்டுகள் கழித்து நினைவுகூர்ந்தார்கள். கித்தான்களும் அந்தத் தீயில் போயினவோ என்னவோ.

லிப்டன் எழுதிய காலத்தில் மெரானின் ஓவியம் ஒன்றுகூடக் கண்ணுக்குத் தட்டுப்படவில்லை. திறமை இருந்ததா என்ற கேள்விக்கு விடை சொல்ல எந்தச் சான்றும் இல்லை. 2004இல் 'குருத்தோலை ஞாயிறு' வெளிப்பட்டது. இப்போது கொலோம்ப் நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையில் குருத்தேந்திப் பக்கவாட்டில் தெரியும் இளம்பெண். கல்விக்கூடப் பயிற்சியின் ஒழுங்கும் நிதானமும் உள்ள வேலை. மகத்தான ஓவியம் என்று சொல்ல மாட்டேன். அந்த ஆண்டு சலோன் சுவரில் அதைச் சுற்றித் தொங்கிய ஆயிரக்கணக்கான படங்களுக்குக் குறைந்தது என்றும் சொல்ல முடியாது. அப்படங்களை வரைந்த ஆண்களில் பெரும்பாலோர் வீடு வாங்கி, மாணவர்களைச் சேர்த்து, கௌரவமாக மறக்கப்பட்டார்கள். மெரான் கேட்டது அந்த அளவு வாழ்க்கையைத்தான்.

1876இன் தன்னுருவமும் பிற்பாடு வெளிவந்தது. 2021இல் அதை வாங்கியது அமெரிக்காவின் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகம். மானேயின் 'தெருப்பாடகி' நெடுங்காலமாக அங்கேதான் இருக்கிறது. பதினெட்டு வயதில் அவர் பிறருக்காக நின்ற படமும், முப்பத்திரண்டு வயதில் தம்மைத் தாமே வரைந்த படமும் இப்போது ஒரே அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் உள்ளன. முதலாவதில் 'ஓவியர்: எதுவார் மானே' என்றும், இரண்டாவதில் 'ஓவியர்: விக்தோரின் மெரான்' என்றும் பதிவு. நியூரெம்பர்க் நகரத்துப் பெண்ணைத்தான் இன்னும் காணவில்லை.